இருபது வளைவு, ஒரே மூச்சு: ஒற்றைப் பாட்டை வைத்துக் காலம் தள்ளுவது எப்படி

போன மாதம் அயோத்தியாப்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. தட்டுவடை செட் கடையில் வீம்புக்குக் காரம் கூட்டிக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு அழுகிற ஒருத்தியைப் பற்றி நாற்பது நொடியில் ஒரு பாட்டுப் பாடி செல்போனில் போட்டிருக்கிறாள். அது சேலத்தைத் தாண்டி எங்கெங்கோ போய், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அதற்கு வாயசைத்து ஆடுகிறார்கள். “இப்ப எங்க போனாலும் அதையே பாடச் சொல்றாங்க அத்தை. வேற பாட்டு எடுத்தா போனைப் பார்க்க ஆரம்பிச்சிடறாங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நானும் அதே கேஸ்தான். 1997இல், எனக்கு இருபத்திமூன்று வயதில், ஏர்க்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறும் ஒரு சிரிப்புப் பாட்டைக் கேசட்டுக்குப் பாடினேன். எழுதியவர் அந்தத் தடத்தில் வேலை பார்த்த ஒரு கண்டக்டர். மூன்றாவது வளைவில் பெரியம்மா எலுமிச்சம்பழம் கேட்பார். ஏழாவதில் மாமா ஜன்னலோரம் மாறி உட்காருவார். பதிமூன்றில் குரங்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கும். இருபது முடிந்து இறங்கியதும் எல்லாரும் குளிரில் நடுங்கிக்கொண்டு ‘நம்ம ஊரே தேவலை’ என்பார்கள். மலை இறங்கும்போது இருபதிலிருந்து ஒன்று வரை தலைகீழாக, ஒரே மூச்சில் எண்ண வேண்டும். பாட்டின் உயிர் அங்கேதான் இருந்தது. மினி பஸ், டீக்கடை, கல்யாண மண்டபம் என்று ஒன்றரை வருடம் ஓடியது. அதற்கு முன்னும் பின்னும் ஆர்கெஸ்ட்ராவில் நான் பாடிய ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒன்றுகூட யாருக்கும் ஞாபகம் இல்லை. ரேஷன் கடையில் இன்றைக்கும் நான் ‘எலுமிச்சங்கா அக்கா’தான்.

அந்தப் பெண்ணிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் முகம். சிரிப்புப் பாட்டைப் பாடுகிறவர் சிரிக்கக் கூடாது. புதிதாக மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, வேடிக்கை வரி வருவதற்கு முன்பே பல்லைக் காட்டிவிடுவது. ‘இதோ வருது பாருங்க ஜோக்கு’ என்று சொல்லிவிட்டுச் சொல்கிற ஜோக்குக்கு யார் சிரிப்பார்கள்? பெரியம்மா எலுமிச்சம்பழம் கேட்கிற இடத்தை, அந்தப் பெரியம்மாவுக்கு எவ்வளவு அவஸ்தையோ அவ்வளவு அவஸ்தையோடு பாட வேண்டும். நான் அந்த வரியில் கண்ணைப் பாதி மூடி, மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடிப்பேன். குமட்டல் வருகிறவள் மைக்கிடம் நெருங்க மாட்டாள் அல்லவா? அந்த ஒரு அசைவுக்கே முன்வரிசைப் பிள்ளைகள் துள்ளுவார்கள். சுருதி கொஞ்சமும் விலகக் கூடாது. ‘காமெடிப் பாட்டுதானே’ என்று சுருதியை விட்டால் கோமாளித்தனம் ஆகிவிடும், அந்தப் பாட்டை யாரும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள்.

அடுத்தது மூச்சு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ஹிட் ஆகிற சிரிப்புப் பாட்டு எதிலும் ஒரு வித்தை இருக்கும். ஒன்றில் நாக்குப் புரளும், ஒன்றில் வேகம் ஏறிக்கொண்டே போகும், என்னுடையதில் ஒரே மூச்சு எண்ணிக்கை. மேடைக்கு வருகிறவர்கள் அந்த வித்தையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். இருபத்திமூன்று வயதில் ‘இருபது, பத்தொன்பது’ என்று எடுத்தால் ஒன்று வரை வந்து இன்னும் மூச்சு மிச்சம் இருக்கும். முப்பத்தெட்டு வயதில் ஒரு நாள் ‘நாலு’க்கு மேல் காற்றுதான் வந்தது. கூட்டம் நான் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக் கை தட்டியது. எனக்கு மட்டும்தான் வயிறு கலங்கியது.

அப்போது செய்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. ‘பதினொன்று’ முடிந்ததும் பேட் (எலக்ட்ரானிக் டிரம்) வாசிக்கிற தம்பி ஒரு உருட்டு கொடுப்பார். அந்த உருட்டுக்குள், தலையை வலப் பக்கம் திருப்பி, மூக்கால் ஒரு சின்ன மூச்சைத் திருடிக்கொண்டு ‘பத்து’ எடுப்பேன். வாயால் இழுத்தால் மைக் காட்டிக் கொடுத்துவிடும். பத்து என்பது வல்லினத்தில் அறைந்து தொடங்குகிற சொல், அதற்கு முன் ஒரு நொடி இடைவெளி இருந்தாலும் தாளக்கட்டு போலத்தான் கேட்கும். உங்கள் பாட்டிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். பாட்டை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். க, ச, த, ப தொடக்கத்தில் வரும் சொல்லுக்கு முன்னால் தேடுங்கள். உயிரெழுத்தில் தொடங்குகிற சொல்லுக்கு முன்னால் திருடினால் மாட்டிக்கொள்வீர்கள்.

சுருதியையும் வெட்கப்படாமல் இறக்குங்கள். கேசட்டில் நான் பாடியது ஆறு கட்டை. இப்போது நாலரை. கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸை மூன்று படி கீழே தள்ளினால் வேலை முடிந்தது, யாருக்கும் தெரியாது. ஆனால் வேகத்தைக் குறைக்காதீர்கள், கூட்டவும் விடாதீர்கள். கூட்டம் ஆட ஆரம்பித்தால் வாசிக்கிறவர்களுக்கு ரத்தம் சூடாகி ஓட்டிவிடுவார்கள். அப்புறம் இருபது எண்ணுக்குள் நாக்கு சிக்கிக்கொள்ளும். பேட் தம்பியின் காதில், வேகம் மாறாமல் ‘டிக் டிக்’ என்று தட்டும் மெட்ரோனோம் சத்தம் ஓட வேண்டும் என்பது எங்கள் குழுவில் சட்டம்.

சரி, கச்சேரியில் அந்தப் பாட்டை எங்கே வைப்பது? எல்லாரும் கடைசியில் வைக்கச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன், ஓர் ஆடித் திருவிழாவில் நன்றாகப் பட்டுக்கொள்ளும் வரை. அன்றைக்கு வண்டி வேடிக்கை ஊர்வலம் முடிந்து கூட்டம் மேடைப் பக்கம் திரும்பவே ஒன்பது மணி ஆகிவிட்டது. சாமி பாட்டு மூன்று, பழைய பாட்டு நான்கு, விழாக் குழுத் தலைவருக்குப் பொன்னாடை, அவருடைய மச்சானுக்கும் பொன்னாடை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருடத்திலிருந்தே விதி. பத்தடித்ததும் போலீஸ்காரர் மேடை ஓரம் வந்து கையைக் காட்டினார், மைக் ஆப். அப்போதுதான் கண்டக்டர் பாட்டின் முதல் வளைவில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து கீபோர்டில் விழுந்தது. வந்த பணம் கீபோர்டைச் சரி பண்ணப் போனது.

அன்றிலிருந்து ஒன்பதே காலுக்கு அந்தப் பாட்டு. முடிவுக்கு மூன்று நான்கு பாட்டு முன்னால். தொடக்கத்திலும் வைக்காதீர்கள், அதைக் கேட்டதும் பாதிப் பேர் பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுவார்கள். ஒன்ஸ்மோர் கேட்டால் முழுதாகப் பாடாமல் கடைசி எண்ணிக்கையை மட்டும் பாடி, ‘பத்து’ வரும்போது மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிவிடுங்கள். மீதியை அவர்களே எண்ணிக்கொள்வார்கள், உங்களுக்கும் மூச்சு மிச்சம்.

மே மாதம் ஏர்க்காட்டில் கோடை விழா நடக்கும்போது மலையில் பாடுவது தனிச் சங்கதி. கேட்கிறவர்கள் அன்று காலைதான் அந்த இருபது வளைவையும் ஏறி வந்திருப்பார்கள், சில பேருக்கு வயிறு இன்னும் சரியாகியிருக்காது. அங்கே மூன்றாவது வளைவு வரிக்கு வருகிற சிரிப்பு கீழே சேலத்தில் ஒருபோதும் வந்ததில்லை. குளிரில் தொண்டை இறுகும், அதனால் பாடுவதற்கு அரை மணி முன்பே வெந்நீர். எஸ்டேட் காப்பி எவ்வளவு மணந்தாலும் பாடி முடித்த பிறகுதான்.

இனி காகிதம். இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும், ஆனால் முதலில் எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்று இங்கே வைத்தேன்.

எனக்குக் கிடைத்தது 750 ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கேசட் அட்டையில் என் பெயர் இல்லை, ‘குழுவினர்’ என்று போட்டிருந்தார்கள். நான்கு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, “விக்கவே இல்லம்மா, நஷ்டம்” என்றார்கள். திரும்பி வரும் வழியில் பழைய பஸ் நிலையத்தில் மூன்று கடைகளில் அந்தக் கேசட்டைப் பார்த்தேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை, மாஸ்டர் டேப்பும் இல்லை. என்னிடம் இருப்பது இருபத்தைந்து ரூபாய் கொடுத்து நானே வாங்கிய ஒரு பிரதிதான்.

அப்போதே பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகருக்கு என்று தனி உரிமை வந்துவிட்டிருந்தது, 1994ஆம் வருடத் திருத்தத்தில். எனக்குத்தான் தெரியாது. பாடியவருக்கு, தான் பாடியதன் மேல் இப்போது 50 வருடம் உரிமை உண்டு. 2012ஆம் வருடத் திருத்தம் இன்னும் தெளிவாக, வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பாடியவருக்கு ராயல்டியும் உண்டு, பாடியவர் இன்னார் என்று பெயர் போடச் சொல்லும் உரிமையும் உண்டு என்றது. உரிமையை எழுதிக் கொடுப்பது கையெழுத்திட்ட தாளில் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்று கொள்ள வேண்டும், எந்த நிலப்பரப்பு என்று எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் விவரமானவர்கள் நீட்டும் தாளில் ‘நிரந்தரமாக’ என்றும் ‘உலகம் முழுவதும்’ என்றும் இரண்டு சொல் எங்காவது ஒளிந்திருக்கும். அந்த இரண்டையும் பென்சிலால் சுற்றிக்கொண்டு, அதற்கு அப்புறம் பேச ஆரம்பியுங்கள்.

அயோத்தியாப்பட்டினத்துப் பெண்ணிடம், “சொல்லு யாருது, மெட்டு யாருது, அந்த பீட் யாருது?” என்று கேட்டேன். சொல் அவளுடையது. மெட்டு அவளும் சித்தி மகனும் சேர்ந்து போட்டது. பீட்? “ஓசியில இறக்கினது அத்தை.” ஓசியில் கிடைப்பதிலும் ‘சம்பாதிக்காதவரை இலவசம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் நம் ஊர்த் தவில்காரர் ஒருவரை வைத்து ஒரு மணி நேரத்தில் புதிதாக வாசித்து வாங்கிவிடலாம். சித்தி மகனோடு யாருக்கு எத்தனை பங்கு என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தத்துக்குள் என்றால் கட்டாயம். சொல்லும் மெட்டும் சொந்தமாக இருந்தால், பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டுப் போடுகிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் சேரலாம், பாடியவர்களுக்கு 2013இல் இஸ்ரா என்று தொடங்கி இப்போது இசாம்ரா என்று பெயர் மாறிய சங்கம் இருக்கிறது.

எங்கள் கண்டக்டர் 2014இல் போய்ச் சேர்ந்தார். எந்தத் தாளும் இல்லாமலே, அந்தப் பாட்டைப் பாடும் ஒவ்வொரு கச்சேரிக்கும் அவர் வீட்டம்மாவுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து வருகிறேன். அவரும் ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். ‘எதுக்குங்க கையெழுத்து’ என்று ஆரம்பத்தில் சங்கடப்பட்டார். அந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

எங்கள் குழுவில் கிடார் வாசித்த அண்ணன் ஏர்க்காட்டில் வளர்ந்தவர். அவருடைய தாத்தா எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். துரை வீட்டைக் காலி பண்ணியபோது கொடுத்த இங்கிலீஷ் இசைத்தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவர்கள் வீட்டில் இருந்தன. கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது என் மூஞ்சி தொங்கியிருந்தால், அந்தத் தட்டில் பாடியவர்களின் கதையை எடுத்துவிடுவார். அதில் ஒன்று பெல்ஜியம் நாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவருடையது. ஜானின் டெக்கர்ஸ் என்று பெயர். மடத்தில் கிடார் வைத்துக்கொண்டு, தங்கள் சபையை நிறுவிய புனிதர் மேல் ‘டொமினிக்’ என்று பிரெஞ்சில் ஒரு குதியாட்டப் பாட்டுப் பாடினார். 1963 டிசம்பரில் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய்விட்டது. பிரெஞ்சு தெரியாத ஜனங்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். வந்த காசு இசைத்தட்டுக் கம்பெனிக்கும் மடத்துக்கும் போனது. பிற்பாடு மடத்தை விட்டு வெளியே வந்து வாழ்ந்தபோது, வரி கட்டு என்று அரசாங்கம் வந்து நின்றது. மடத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல முடிந்ததே தவிர, காட்ட அவரிடம் ரசீது இல்லை. காசு தேற்ற 1982இல் அதே பாட்டை எலக்ட்ரானிக் வாத்தியத்தோடு மறுபடி பாடிப் பார்த்தார். நடக்கவில்லை. 1985இல், கூட வாழ்ந்த தோழியோடு சேர்ந்து உயிரை விட்டார்.

அண்ணன் இதைச் சொன்ன இரவு வேனில் யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் செவ்வாய்ப்பேட்டை போய் ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, ஊர், அட்வான்ஸ், பாக்கி, யார் கையில் வாங்கினேன், யாருக்கு எவ்வளவு கொடுத்தேன். கல்லூரி விழாவில் வரி பிடித்துக் கொடுத்தால் பிடித்ததற்கான சான்றையும் கேட்டு வாங்கி அதிலேயே செருகி வைப்பேன். இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது.

அப்புறம் இரண்டாவது பாட்டு. ஒரு பாட்டு ஓடினால் ‘அதே மாதிரி இன்னொண்ணு’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். 1998இல் எனக்கும் வந்தார்கள். ஏர்க்காட்டுக்கு இருபது வளைவு, கொல்லிமலைக்கு எழுபது, அப்படியென்றால் மூன்றரை மடங்கு ஹிட் என்பது அவர்கள் கணக்கு. பாடினேன், பதினொரு நிமிடம். எழுபதையும் தலைகீழாக எண்ணி முடிப்பதற்குள் ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் தம்பியே கொட்டாவி விட்டார். ஜனங்கள் அந்தக் கேசட்டைத் தொடவே இல்லை. இந்தத் தடவை ‘விக்கவே இல்லம்மா’ என்றது நிஜம்.

ஜமைக்காவிலிருந்து லண்டன் போன மில்லி ஸ்மால் என்ற பெண், 1964இல், பதினாறு பதினேழு வயதில், ‘மை பாய் லாலிபாப்’ பாடி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் வரை போனார். பாட்டு மொத்தமே இரண்டு நிமிடம்தான், கீச்சென்ற குரல். கையோடு அதே ஜாடையில் வந்த அடுத்த பாட்டு இங்கிலாந்தில் முப்பதாம் இடத்தோடு நின்றுவிட்டது. அண்ணன் இதைச் சொன்னபோது, எனக்குக் கொல்லிமலை கொஞ்சம் லேசானது.

அதனால் தட்டுவடை பாடின பெண்ணிடம், அடுத்தது முறுக்கு செட் பாட்டு வேண்டாம் என்றேன். ஆறு மாதம் வேறு எதையாவது பாடட்டும். தாலாட்டு, அம்மன் பாட்டு, எது வேண்டுமானாலும். அவள் குரல் கீழ்ச் சுருதியில் நன்றாக இருக்கிறது, அந்த நாற்பது நொடிப் பாட்டில் அது வெளியே வரவே இல்லை. ஹிட் பாட்டைக் கேட்டு வருகிற கூட்டத்துக்கு நடுவில், அதற்கு ஒட்டி முன்னால் புதுப் பாட்டை வைத்தால் கேட்பார்கள், ஏனென்றால் அடுத்து எது வரப்போகிறது என்று தெரியும். பின்னால் வைத்தால் எழுந்துவிடுவார்கள். நான் இருபது வருடமாக ஒன்பது மணிப் பாட்டாக எனக்குப் பிடித்ததைத்தான் பாடி வருகிறேன்.

பாட்டின் மேல் வெறுப்பு வரும். அதற்கு மருந்து என்னிடம் இல்லை, வரும்போது என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன். லீட்டா ரோசா என்ற இங்கிலாந்துப் பாடகி, ஜன்னலில் தெரிகிற நாய்க்குட்டி என்ன விலை என்று கேட்கும் பாட்டை 1953இல் பாடி அங்கே முதலிடம் பிடித்தார். பாடும்போதே பிடிக்கவில்லையாம். ஒரே தடவைதான் பாடுவேன் என்று பாடிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு மேடையில் பாட மறுத்துவிட்டார். பெரிய மனுஷி, அவருக்கு வேறு பாட்டுகள் சோறு போட்டன. எனக்குப் போடவில்லை. ஆகவே ‘ஒரு வருடம் பாட மாட்டேன்’ என்று நான் 2003இல் எடுத்த சபதம் இரண்டே கச்சேரியில் உடைந்தது. மூன்றாவது கச்சேரிக்கு அட்வான்ஸ் தருகிறவர், “அந்தப் பாட்டு இல்லைன்னா வேற குழுவைப் பார்த்துக்கறோம்” என்று நேராகவே சொல்லிவிட்டார்.

வெறுப்பு வருகிற நாளில் பாட்டின் உள்ளே எதையாவது ஒன்றை மாற்றிக்கொள்வேன். பதிமூன்றாவது வளைவில் குரங்கு பிடுங்குவது முறுக்கு. ஒரு நாள் செல்போன், ஒரு நாள் விழாக் குழுத் தலைவரின் பொன்னாடை. வாசிக்கிறவர்களுக்கும் தெரியாது, அவர்கள் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் உற்சாகம் வந்துவிடும். கண்டக்டர் இருந்தவரை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் மாற்றினேன். எண்ணிக்கையில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார், இன்றுவரை வைக்கவில்லை.

‘ஒரே பாட்டுதானா பாடியிருக்கீங்க?’ என்று யாராவது கேட்டால் கோபப்படாமல், “நீங்க கேட்டது ஒண்ணுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அந்தப் பெண் கிளம்பும்போது வாசலில் நின்று, நான் கேட்காமலே என் எண்ணிக்கையை எடுத்தாள். இருபது, பத்தொன்பது என்று படபடவென்று வந்து ‘ஏழு’க்கு அப்புறம் மூச்சு தீர்ந்து சிரித்துவிட்டாள். ‘பதினொன்று’க்குப் பின்னால் திருடுகிற இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது சித்தி மகனையும், ஏதோ கம்பெனிக்காரர் அவளுக்கு அனுப்பியிருக்கிற அந்த ஒப்பந்தத் தாளையும், ஒரு பென்சிலையும் கொண்டு வர வேண்டும்.